ஆஸ்திரேலிய ஃபாக்டரி வேலை: உற்பத்தித் துறை அவார்ட் யாருக்குப் பொருந்தும்?

"மணிக்கு 26 டாலர் தருகிறார்கள். சரியான சம்பளம்தானா?"

மெல்பர்னில் டாண்டினோங் பக்கமும், சிட்னியின் மேற்குப் புறநகர்களிலும் ஃபாக்டரி வேலைக்குப் போகும் தமிழர்கள் ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பதிலும் உடனே கிடைத்துவிடும். "எங்கள் இடத்தில் 28", "போன வருஷம் நான் 25க்குத்தான் செய்தேன்" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் பக்கத்து ஃபாக்டரியில் என்ன தருகிறார்கள் என்பதை வைத்து உங்கள் சம்பளம் சரியா தப்பா என்று முடிவுகட்ட முடியாது. உங்களுக்கும் உங்கள் முதலாளிக்கும் எந்த அவார்ட், அதாவது ஒரு தொழிலின் குறைந்தபட்சக் கூலியையும் வேலை நிபந்தனைகளையும் சொல்லும் எந்தச் சட்ட ஆவணம், பொருந்துகிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மணிக்கூலி, ஓவர்டைம், இரவு ஷிஃப்ட்டுக்கான கூடுதல், அலவன்ஸ் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. அவார்டைத் தப்பாக எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகக் கூட்டிக் கழித்தாலும் விடை தப்பாகத்தான் வரும்.

இங்கே நான் விளக்கப்போவது உற்பத்தித் துறையின் பெரிய அவார்டை. அதன் முழுப் பெயர் மேனுஃபாக்சரிங் அண்ட் அசோசியேட்டட் இண்டஸ்ட்ரீஸ் அண்ட் ஆக்குபேஷன்ஸ் அவார்ட் 2020. எம்ஏ000010 என்ற எண்ணைத் தட்டித் தேடினாலும் கிடைக்கும். இனிமேல் உற்பத்தி அவார்ட் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவார்ட் எங்கிருந்து வருகிறது

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான தனியார் வேலைகளுக்கு அடித்தளம் 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம். வருட விடுப்பு, நோய் விடுப்பு, வேலையை விட்டு அனுப்பும்போது தர வேண்டிய முன்னறிவிப்பு போன்ற அடிப்படைத் தரங்கள் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு தொழிலுக்கும் அல்லது வேலை வகைக்கும் என்று எழுதப்பட்டவைதான் அவார்டுகள். இப்போது நாடு முழுவதும் நூற்றுக்கும் அதிகமான அவார்டுகள் உள்ளன. அவற்றை எழுதுவதும் திருத்துவதும் ஃபேர் வொர்க் கமிஷன். அவற்றின்படி சம்பளம் போகிறதா என்று பார்த்து நடவடிக்கை எடுப்பது ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன். பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள், ஆனால் இவை தனித்தனி அமைப்புகள்.

அவார்டில் யாரும் சேர வேண்டியதில்லை. முதலாளி கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை, தொழிலாளி யூனியனில் இருக்க வேண்டியதும் இல்லை. பொருந்தினால் அது தானாகவே சட்டம்போலக் கட்டுப்படுத்தும். "நான் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துத்தான் வந்தேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தச் சம்மதம் அவார்டின் குறைந்தபட்சத்தை இறக்காது.

இந்த ஏற்பாட்டின் வேர் ஒரு ஃபாக்டரியில்தான் இருக்கிறது. மெல்பர்னின் மேற்கே சன்ஷைன் என்ற இடத்தில் அறுவடை இயந்திரங்கள் செய்துவந்த எச். வி. மெக்கே என்பவரின் தொழிற்சாலை சம்பந்தப்பட்ட வழக்கில், 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் ஒரு சாதாரண தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங் நியாயமான கூலி என்று சொன்னார். ஒரு தொழிலாளி குடும்பத்தோடு ஓரளவு வசதியாக வாழ என்ன தேவை என்பதிலிருந்துதான் அந்தக் கணக்கை அவர் தொடங்கினார். ஹார்வெஸ்டர் தீர்ப்பு என்று அதை இன்றும் சொல்கிறார்கள். பிறகு பல பத்தாண்டுகள் உலோகத் தொழிலுக்கான அவார்டுதான் மற்ற தொழில்களின் கூலிக்கு அளவுகோலாக இருந்தது. 2010 ஜனவரி 1 முதல் பழைய அவார்டுகள் பலவற்றைத் தொகுத்து நவீன அவார்டுகள் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உலோகத் தொழில் மரபின் வாரிசாக வந்தது இந்த உற்பத்தி அவார்ட். மற்ற அவார்டுகளின் கூலியை ஒப்பிடும்போதுகூட இதிலுள்ள சி 10 என்ற நிலையைத்தான் இன்னும் குறிப்பிட்டுப் பேசுகிறார்கள். அது என்ன நிலை என்று பின்னால் வருகிறது.

நான்காம் பிரிவைப் படிக்கும் விதம்

அவார்டைத் திறந்தவுடன் எல்லோரும் சம்பள அட்டவணைக்குத் தாவுகிறார்கள். அதற்கு முன்னால் நான்காம் பிரிவு இருக்கிறது. யாருக்கு இந்த அவார்ட் என்பதை அதுதான் சொல்கிறது. வாக்கியங்கள் நீளம், உட்பிரிவுகள் அதிகம். ஆனாலும் அதன் சாரத்தை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி முதலாளியைப் பற்றியது. அவருடைய தொழில் என்ன? உலோகப் பொருள், இயந்திரம், மின் சாதனம், எலக்ட்ரானிக் சாதனம், பிளாஸ்டிக், ரப்பர், ரசாயனம், பெயிண்ட், கண்ணாடி என்று இந்த அவார்ட் நீளமாகப் பட்டியலிடும் பொருள்களைச் செய்கிறாரா? 'செய்வது' என்பதை இங்கே அகலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பாகங்களை வாங்கிப் பொருத்துவது, பதப்படுத்துவது, பூச்சு கொடுப்பது, பெயிண்ட் அடிப்பது, பழுது பார்ப்பது, பராமரிப்பது, நிறுவிக் கொடுப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் இதற்குள் வருகின்றன. ஒரு பம்ப்பைப் புதிதாகச் செய்யும் கம்பெனியும் பழைய பம்ப்பைக் கழற்றிச் சரிசெய்யும் கம்பெனியும் இந்த அவார்டுக்குள் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி தொழிலாளியைப் பற்றியது. அவர் உண்மையில் செய்யும் வேலைக்கு அவார்டின் வகைப்பாட்டில் இடம் இருக்கிறதா? மெஷின் ஓட்டுவது, அசெம்பிளி லைனில் நிற்பது, பேக்கிங், ஃபோர்க்லிஃப்ட், வெல்டிங், ஃபிட்டிங், தரச் சோதனை, வரைபடம் போடுவது, ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப வேலை, உற்பத்தித் திட்டமிடல் என்று அது விரிகிறது.

இரண்டுக்கும் ஆம் என்றால் உற்பத்தி அவார்ட் உங்களையும் முதலாளியையும் உள்ளடக்கும். முதலாளி உற்பத்தித் துறையில் இருப்பதால் மட்டும் அங்கே வேலை செய்யும் எல்லோரும் இதற்குள் வந்துவிடுவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. இந்த அவார்டின் பெயரிலேயே 'ஆக்குபேஷன்ஸ்' என்று இருப்பதற்குக் காரணம் அதுதான். இயந்திரப் பராமரிப்பு வேலை செய்யும் ஃபிட்டர் போன்றவர்களும் சில தொழில்நுட்பப் பணியாளர்களும், தங்கள் முதலாளி உற்பத்தித் துறையில் இல்லாவிட்டாலும் இதற்குள் வரலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த முதலாளிக்குப் பொருந்தும் வேறு அவார்டில் அவர்களுடைய வேலைக்கு ஏற்கெனவே இடம் இருந்தால் அந்த அவார்டுதான்.

பக்கத்துப் பக்கத்து ஃபாக்டரி, வேறு வேறு அவார்ட்

புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஃபாக்டரி என்றாலே உற்பத்தி அவார்ட் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பொருள்களைச் செய்யும் பல தொழில்களுக்குத் தனி அவார்டுகள் உள்ளன. என்ன பொருள் செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூஸ் தயாரித்து அடைக்கும் ஃபாக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபுட், பெவரேஜ் அண்ட் டொபாக்கோ மேனுஃபாக்சரிங் அவார்ட். அந்த ஜூஸுக்குப் பிளாஸ்டிக் பாட்டில் செய்து கொடுக்கும் ஃபாக்டரி அதே தெருவில் இருந்தாலும் அதற்கு உற்பத்தி அவார்ட். இரண்டு இடத்திலும் லைனில் நின்று, குறை உள்ள பாட்டிலைப் பொறுக்கி, பெட்டியில் அடுக்குவது ஒரே மாதிரி வேலையாகத்தான் இருக்கும். அவார்ட் மட்டும் வேறு.

உணவிலும் எல்லாம் ஒன்றல்ல. ஆடு, மாடு வெட்டும் இடங்களுக்கு மீட் இண்டஸ்ட்ரி அவார்ட், கோழிக்குப் போல்ட்ரி ப்ராசஸிங் அவார்ட், மீனுக்கு சீஃபுட் ப்ராசஸிங் அவார்ட், திராட்சை மதுவுக்கு ஒயின் இண்டஸ்ட்ரி அவார்ட். துணி, ஆடை, செருப்புத் தொழிலுக்குத் தனி. மருந்து தயாரிப்புக்கும், மர வேலைக்கும், அச்சுத் தொழிலுக்கும், கான்கிரீட் பொருள்களுக்கும் அவரவருக்கென்று ஒன்று இருக்கிறது.

வாகனத் தொழிலின் கதையையும் சொல்ல வேண்டும். முன்பு வாகனம் செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் விற்பவர்களும் ஒரே அவார்டில் இருந்தார்கள். 2017இல் டொயோட்டாவும் ஹோல்டனும் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதை நிறுத்தின. அதற்குப் பிறகு 2020இல் அவார்டுகள் புதுப்பிக்கப்பட்டபோது, வாகனம் செய்யும் பகுதி உற்பத்தி அவார்டுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் அதன் சம்பள அட்டவணையில் சி என்ற எழுத்தோடு வி என்ற எழுத்தும் சேர்ந்து நிற்கிறது. மெக்கானிக் கடையும் டயர் மாற்றும் இடமும் வெஹிக்கிள் ரிப்பேர், சர்வீசஸ் அண்ட் ரீட்டெய்ல் அவார்டில் தங்கிவிட்டன. பழைய அவார்டின் பெயரை நம்பித் தேடுபவர்கள் இதில் வழி தவறுவதுண்டு.

வெல்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டறையில் இரும்பு உத்தரங்களைச் செய்து அனுப்பும் கம்பெனி உற்பத்தி அவார்டில் வரும். கட்டுமானத் தளத்தில் அவற்றை ஏற்றிப் பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிக்குக் கட்டுமான அவார்ட். இரண்டையும் செய்யும் கம்பெனி என்றால், அதன் முக்கியத் தொழில் எது, நீங்கள் வழக்கமாக வேலை பார்க்கும் இடம் எது என்று பார்க்க வேண்டிவரும்.

ஒரே ஃபாக்டரிக்குள் வேறு வேறு ஆட்கள்

சரி, இப்போது அந்த பிளாஸ்டிக் பாட்டில் ஃபாக்டரிக்குள்ளேயே போவோம்.

மோல்டிங் மெஷினை ஓட்டுபவர், பேக்கிங் செய்பவர், மெஷின் நின்றால் ஓடிவந்து சரிசெய்யும் ஃபிட்டர், மாதிரி எடுத்துத் தரம் பார்க்கும் டெக்னீஷியன், எல்லோரும் உற்பத்தி அவார்ட். ஃபாக்டரிக்குச் சொந்தமான ஸ்டோரில் முடிந்த சரக்கை அடுக்கி லாரியில் ஏற்றுபவரும் பொதுவாக அதிலேயே வருவார், ஏனென்றால் அவர் வேலை உற்பத்தியோடு ஒட்டியது. அதே சரக்கை வேறொரு கிடங்குக் கம்பெனி வாங்கி வைத்து விநியோகித்தால், அங்கே வேலை செய்பவருக்கு ஸ்டோரேஜ் சர்வீசஸ் அண்ட் ஹோல்சேல் அவார்ட்.

அலுவலக அறையில் இன்வாய்ஸ் போடுபவருக்கும், போன் எடுப்பவருக்கும், சம்பளக் கணக்கு பார்ப்பவருக்கும் க்ளர்க்ஸ் அவார்ட். வெளியே போய் ஆர்டர் பிடிக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு கமர்ஷியல் சேல்ஸ் அவார்ட். பட்டம் பெற்று இன்ஜினியராகவே பணியாற்றுபவருக்கு ப்ரொஃபஷனல் எம்ப்ளாயீஸ் அவார்ட் பொருந்தலாம். வரைபடம் போடுபவர் என்றால் உற்பத்தி அவார்டிலேயே இருப்பார்.

துப்புரவு வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம்மவர்கள் பலர் முதலில் இறங்கும் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்கிறேன். ஃபாக்டரியே நேரடியாக வேலைக்கு வைத்து, தரையைக் கூட்டவும் மெஷினைச் சுற்றித் துடைக்கவும் சொன்னால் அவர் உற்பத்தி அவார்டின் கீழ் வருவார். வெளியிலிருந்து வரும் க்ளீனிங் கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆள் என்றால் க்ளீனிங் சர்வீசஸ் அவார்ட். இருவரும் ஒரே தரையைத்தான் துடைக்கிறார்கள், ஆனால் முதலாளி வேறு. செக்யூரிட்டிக்கும் இதே நிலைதான்: வெளிக் கம்பெனி அனுப்பும் காவலாளிக்கு செக்யூரிட்டித் தொழிலின் அவார்ட்.

ஒரே முதலாளிக்கு இரண்டு மூன்று அவார்டுகள் பொருந்துவதில் விநோதம் ஒன்றும் இல்லை. அப்படிப் பொருந்தும்போது எதைப் பிடிப்பது என்பதற்கும் அவார்டிலேயே விதி உண்டு. நீங்கள் செய்யும் வேலைக்கும், வழக்கமாக வேலை செய்யும் சூழலுக்கும் எந்த அவார்டின் வகைப்பாடு மிகவும் ஏற்றதோ அதுதான் உங்களுக்கு. முதலாளி தனக்கு மலிவானதைத் தேர்ந்தெடுக்க முடியாது. நீங்களும் அதிகம் கிடைப்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வேலைப் பெயரையும் நம்பிவிட வேண்டாம். 'டீம் மேனேஜர்' என்று கடிதத்தில் எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் அவார்டுக்கு வெளியே போய்விடுவதில்லை. உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை, அதாவது ஆள் எடுப்பது, பட்ஜெட் போடுவது, கம்பெனியின் முடிவுகளை எடுப்பது என்று இருப்பவர்களை அவார்டுகள் வழக்கமாகத் தொடுவதில்லை. ஆனால் லைனில் ஐந்தாறு பேரைப் பார்த்துக்கொள்ளும் லீடிங் ஹேண்ட் நிச்சயம் அவார்டுக்குள் இருக்கிறார். அவருக்கு எத்தனை பேர் கீழே என்பதைப் பொறுத்துத் தனி அலவன்ஸே இருக்கிறது. சூப்பர்வைசருக்கும் டெக்னீஷியன்களுக்கும்கூட வகைப்பாட்டில் இடம் உண்டு.

ஏஜென்சி ஆட்களுக்கு

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம் இதுதான். டாண்டினோங்கிலும் மேற்கு சிட்னியிலும் ஃபாக்டரி வேலையில் கணிசமானது லேபர் ஹையர் ஏஜென்சி வழியாகவே கிடைக்கிறது. உங்களுக்குச் சம்பளம் போடுவது ஏஜென்சி, வேலை வாங்குவது ஃபாக்டரி. "நாங்கள் ஆள் அனுப்பும் கம்பெனி, உற்பத்தி செய்வதில்லை, அதனால் அந்த அவார்ட் எங்களுக்கு இல்லை" என்று ஓர் ஏஜென்சி சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. உற்பத்தித் துறையில் இருக்கும் ஒரு வணிகத்துக்கு வேலை செய்ய ஆள் அனுப்பும் முதலாளியையும், அங்கே வேலை செய்யும் நேரத்தில் அந்த ஆளையும் இந்த அவார்ட் உள்ளடக்கும் என்று நான்காம் பிரிவே தெளிவாகச் சொல்கிறது.

'அங்கே வேலை செய்யும் நேரத்தில்' என்பதற்கு ஒரு விளைவு உண்டு. இந்த வாரம் பாட்டில் ஃபாக்டரி, அடுத்த வாரம் ஜூஸ் ஃபாக்டரி என்று ஏஜென்சி உங்களை மாற்றி மாற்றி அனுப்பினால், உங்கள் அவார்டும் கூடவே மாறும். எல்லா இடத்துக்கும் ஒரே விகிதம் போட்டிருந்தால், அது எந்த அவார்டின் எந்த நிலை என்று கேட்பது உங்கள் உரிமை. எந்த நாளில் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று நீங்களே குறித்து வைத்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும்.

குரூப் ட்ரெய்னிங் நிறுவனங்கள், அதாவது பயிற்சியாளர்களை வேலைக்கு எடுத்துப் பல இடங்களுக்கு அனுப்பும் அமைப்புகள் வழியாக ஃபாக்டரிகளுக்குப் போகும் அப்ரண்டிஸ்களுக்கும் ட்ரெய்னிகளுக்கும் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது.

அப்புறம் ஏபிஎன், அதாவது சொந்தத் தொழில் செய்பவர்கள் எடுக்கும் வணிக எண், அந்த விவகாரம். "ஏபிஎன் எடுத்துவிட்டு வா, கான்ட்ராக்டராகப் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. அவார்ட் என்பது வேலையாட்களுக்குத்தான், உண்மையான கான்ட்ராக்டருக்குப் பொருந்தாது. ஆனால் ஏபிஎன் இருப்பதால் மட்டும் யாரும் கான்ட்ராக்டர் ஆகிவிடுவதில்லை. அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, அவர்கள் மெஷினில், அவர்கள் சூப்பர்வைசர் சொல்படி மணிக்கூலிக்கு வேலை செய்கிறீர்கள் என்றால், நீங்கள் வேலையாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல் நடைமுறையில் உறவு எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்ட் முதல் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.

விசாவைச் சொல்லிப் பயமுறுத்துவதும் நடக்கிறது. தற்காலிக விசாவோ, ப்ரிட்ஜிங் விசாவோ, மாணவர் விசாவோ எதுவாக இருந்தாலும் அவார்டின் குறைந்தபட்சம் எல்லோருக்கும் ஒன்றுதான். விசா நிபந்தனை மீறப்பட்டிருந்தால்கூட வேலை தொடர்பான உரிமைகள் செல்லாமல் போவதில்லை என்பதை 2023இல் செய்த திருத்தம் உறுதிப்படுத்தியிருக்கிறது. குடும்பத்தை விட்டு வந்து இரவு ஷிஃப்ட்டில் நிற்கும் மனிதர்கள் இந்த ஒரு விஷயம் தெரியாததால் வாய் திறக்காமல் இருப்பது வேதனையானது.

உள்ளடக்கும், ஆனால் நடைமுறையில் வராது

அவார்ட் உங்களை உள்ளடக்கியும், அது நடைமுறையில் பொருந்தாமல் இருக்கலாம். இதற்கு முக்கியக் காரணம் என்டர்ப்ரைஸ் அக்ரிமென்ட். பெரிய ஃபாக்டரிகளில் நிர்வாகமும் தொழிலாளர்களும், பெரும்பாலும் உற்பத்தித் தொழிலாளர்களின் ஏஎம்டபிள்யூயூ போன்ற யூனியனோடு பேசி, தங்களுக்கென்று ஓர் ஒப்பந்தம் செய்து கமிஷனின் அனுமதி பெற்றிருப்பார்கள். அது நடப்பில் இருக்கும் வரை அவார்ட் ஒதுங்கி நிற்கும், ஒப்பந்தமே பேசும். ஆனாலும் அதன் அடிப்படைக் கூலி அவார்டின் அடிப்படைக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. ஆக, ஒப்பந்தம் இருக்கிற இடத்திலும் அவார்டைத் தெரிந்து வைத்திருப்பது வீணில்லை. "எங்களிடம் பழைய அக்ரிமென்ட் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதன் தேதியைப் பாருங்கள். 2010க்கு முற்பட்ட பெரும்பாலான ஒப்பந்தங்கள் நீட்டிப்புக் கிடைக்காத வரை 2023 டிசம்பரில் முடிவுக்கு வந்துவிட்டன.

மேற்கு ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே கம்பெனியாகப் பதிவு செய்யாத முதலாளிகள், அதாவது தனி உரிமையாளரும் கூட்டு வியாபாரிகளும், மாநிலத்தின் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கு மாநில அவார்டுகள். 'பிடிஒய் லிமிடெட்' என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் தேசிய முறைக்குள் வந்துவிடுவார்கள்.

முதலாளி ஆகும் தமிழர்களுக்கு

சிறியதாக ஷீட் மெட்டல் பட்டறை, சைன்போர்டு செய்யும் கடை, இயந்திரப் பழுதுபார்ப்பு என்று தொழில் தொடங்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் அவார்ட் பொருந்தும். சிறிய வியாபாரம் என்பதற்காகக் கூலியில் சலுகை இல்லை. மைத்துனரையோ ஊர்க்கார நண்பரின் மகனையோ சம்பளத்துக்கு வைத்தாலும் இதே விதிதான்.

உங்கள் கடை கலப்பாக இருந்தால், உதாரணமாக இறக்குமதி செய்து விற்பதுதான் முக்கியம், பின்னால் ஒரு மேசை போட்டுக் கொஞ்சம் அசெம்பிளியும் செய்கிறீர்கள் என்றால், தொழிலின் பிரதான குணம் எது என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒம்புட்ஸ்மனிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள், அல்லது ஆஸ்திரேலியன் இண்டஸ்ட்ரி குரூப் போன்ற முதலாளிகள் அமைப்பை அணுகுங்கள். 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது கிரிமினல் குற்றம். தெரியாமல் நேர்ந்த தவறு அந்த வகையில் சேராது. ஆனாலும் குறைந்த தொகையை முழுதாகத் திருப்பித் தந்தாக வேண்டும்.

அவார்டின் பிரதியைத் தொழிலாளிகள் பார்க்கும்படி நோட்டீஸ் போர்டிலோ கணினி வழியாகவோ வைப்பதும் முதலாளியின் கடமை. அது அவார்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. டீ ரூமில் அது தொங்கவில்லை என்றால் தொழிலாளி தயங்காமல் கேட்கலாம்.

அவார்ட் தெரிந்துவிட்டது, அடுத்து நிலை

உற்பத்தி அவார்டின் வகைப்பாடு சி 14இல் தொடங்கி மேலே போகிறது. எண் குறையக் குறையத் திறமையும் கூலியும் ஏறும். சி 14 என்பது புதிதாகச் சேர்ந்து அறிமுகப் பயிற்சியில் இருப்பவருக்கான நிலை. அதில் ஒருவரை வருஷக்கணக்கில் வைத்திருக்க முடியாது, சில மாதங்களில் சி 13க்கு ஏற்ற வேண்டும். சி 10 என்பது தொழிற்சான்று பெற்ற ஃபிட்டர், வெல்டர் போன்றவர்களின் நிலை. நான் முன்பு சொன்ன அளவுகோல் இதுதான்.

2025 ஜூலை 1 முதல் சி 13க்கு மணிக்கு 24.95 டாலர், சி 10க்கு 28.12 டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் இது மாறும் என்பதை மறக்க வேண்டாம். கேஷுவல், அதாவது நிரந்தரமில்லாமல் தேவைக்கு அழைக்கப்படுபவர் என்றால் 25 சதவீதம் கூட்ட வேண்டும்.

இப்போது இந்த 2025 விகிதங்களை வைத்து அந்த 26 டாலருக்கு வருவோம். நீங்கள் நிரந்தர வேலையில், சி 13 நிலையில் இருந்தால் 26 டாலர் குறைந்தபட்சத்துக்கு மேலேதான். அதே சி 13 கேஷுவல் என்றால் 31 டாலருக்கு மேல் வர வேண்டும், 26 போதாது. சான்று பெற்ற வெல்டரை அந்த வேலைக்கே வைத்திருந்தால், நிரந்தரமானாலும் 26 குறைவு. இது பகல் நேர சாதாரணக் கூலிக்கு மட்டும். மாலை, இரவு ஷிஃப்ட்டுக்குப் பொதுவாக 15 சதவீதமும், நிரந்தர இரவு ஷிஃப்ட்டுக்கு 30 சதவீதமும் கூடும். பகல் வேலைக்காரருக்கு ஓவர்டைமில் முதல் மூன்று மணி நேரம் ஒன்றரை மடங்கு, அதற்குப் பிறகு இரட்டிப்பு.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் ஒம்புட்ஸ்மனின் இணையதளத்தில் சம்பளக் கணிப்பான் இருக்கிறது. அது உங்கள் தொழிலையும் வேலையையும் பற்றிக் கேட்டு அவார்டை யூகித்துத் தரும். பதில் சொல்லும்போது கடிதத்தில் எழுதியிருக்கும் வேலைப் பெயரைச் சொல்லாமல், ஒரு நாளில் அதிக நேரம் கையால் என்ன செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அப்போதுதான் சரியான நிலைக்குப் போகும். அது தரும் முடிவை நான்காம் பிரிவோடு ஒப்பிட்டும் பாருங்கள், ஏனென்றால் முதல் கேள்வியிலேயே தொழிலைத் தப்பாகத் தேர்ந்துவிட்டால் கணிப்பான் தப்பான அவார்டைத்தான் காட்டும்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, 13 13 94 என்ற ஒம்புட்ஸ்மனின் எண்ணுக்கு இணைக்கச் சொல்லலாம். அழைக்கும் முன் பே ஸ்லிப், வேலைக் கடிதம், நீங்கள் குறித்து வைத்த மணிக்கணக்கு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்துபோன கூலியை ஆறு வருடம் வரை பின்னோக்கிக் கேட்க முடியும். வேலையை விட்டுவிட்டவர்களும் கேட்கலாம்.